பெருநிறுவன மென்பொருளை விட்டு விலக நினைக்கும் எல்லையூர்க்காரர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் கிழக்கோரத்தில் கணினி வைத்திருப்போரை நினைத்து எழுதியவை இந்தப் பதில்கள். காலையில் தமிழில் மனு, மதியம் மலையாளத்தில் விண்ணப்பம், மாலையில் பொள்ளாச்சிக் கடைக்கு பில் என்று ஒரே மேசையில் வேலை பார்ப்பவர்களுக்கு வரும் சிக்கல்கள் மற்ற ஊர்க்காரர்களுக்கு வருவதில்லை. அதனால் அந்த இடங்களில் சற்று நீளமாகவே சொல்லியிருக்கிறோம்.

இருப்பது ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, எதற்கு விலக வேண்டும்?

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும் இருக்க வேண்டும். 2018க்கு முன் வாங்கிய லேப்டாப்களில் பெரும்பாலானவை இதில் அடிபட்டுப் போகும். இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லாமலே அதைத் தூக்கிப் போடச் சொல்கிறார்கள்.

சந்தா முறையில் வாங்கிய ஆபீஸ் மென்பொருளும் அப்படித்தான். பணம் கட்டாவிட்டால் உங்கள் கோப்பை நீங்கள் பார்க்கலாம், அச்சிடலாம், திருத்த முடியாது. கூகுளின் இலவச 15 ஜிபி நிரம்பிவிட்டால் ஜிமெயிலுக்குப் புது அஞ்சல் வருவது நின்றுவிடும். நீங்கள் உருவாக்கிய கோப்பை நாளைக்கும் யாரிடமும் அனுமதி கேட்காமல் நீங்கள் திறக்க முடிய வேண்டும். கீழே சொல்லும் எல்லாவற்றையும் அந்த ஒரு அளவுகோலால்தான் பார்க்கிறோம்.

எதிலிருந்து தொடங்குவது?

கோப்பு முதலில், மென்பொருள் அடுத்து, இயங்குதளம் கடைசியில். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம் லினக்ஸைப் போட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமை பிரிண்டர் ஓடாமல், புதன்கிழமை பழையபடி விண்டோஸ் போட்டுவிடுகிறார்கள்.

இப்போதிருக்கும் விண்டோஸிலேயே லிப்ரெஆபீஸ் (ஆவணம், கணக்குத் தாள்), ஃபயர்ஃபாக்ஸ் (உலாவி), தண்டர்பேர்டு (அஞ்சல்), விஎல்சி (வீடியோ), இங்க்ஸ்கேப் (வரைதல்) ஆகியவற்றை நிறுவுங்கள். எல்லாம் இலவசம், எல்லாம் லினக்ஸிலும் அதே முகத்துடன் ஓடும். ஓரிரு மாதம் அன்றாட வேலை முழுவதையும் இவற்றிலேயே செய்யுங்கள். கூடவே ஒரு தாளில் எழுதி வையுங்கள்: எந்த வேலைக்குப் பழைய மென்பொருளைத் திறக்க வேண்டியிருந்தது, எந்த பிரிண்டர், எந்த ஸ்கேனர், எந்த அரசுத் தளம். அந்தப் பட்டியல் சுருங்கிச் சுருங்கி இரண்டு மூன்று வரியானதும் இயங்குதளத்தை மாற்றலாம்.

லினக்ஸ் என்றால் வீட்டில் யாருக்கும் தெரியாதே?

உங்கள் பிள்ளை கேரளப் பாடத்திட்டப் பள்ளியில் படித்தால் அவருக்குத் தெரியும். ஐடி@ஸ்கூல் என்று தொடங்கி 2017இல் கைட் என்று பெயர் மாறிய அரசு நிறுவனம், பள்ளிகளுக்கென்றே உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட கைட் லினக்ஸைத் தருகிறது. கணினிப் பாடமும் செய்முறைத் தேர்வும் அதில்தான். தமிழ் வழிப் பள்ளிகளுக்கும் அதே ஏற்பாடு. உயர்நிலைப் பள்ளிகளில் 2018 முதல் 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்களும் இயங்குகின்றன. எட்டாம் வகுப்பு மாணவி பள்ளியில் லினக்ஸில் வேலை செய்துவிட்டு வீட்டுக்கு வந்து திருட்டு நகல் விண்டோஸில் உட்காருவது இந்தப் பகுதியில் அன்றாடக் காட்சி. அவரிடமே கேளுங்கள், கோப்பை எங்கே சேமிப்பது, பென்டிரைவை எப்படிக் கழற்றுவது என்பதையெல்லாம் காட்டித் தருவார்.

என் பழைய லேப்டாப் தாங்குமா? எந்த லினக்ஸ்?

புதியவர்களுக்கு லினக்ஸ் மின்ட். 4 ஜிபி ரேம் இருந்தால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, 8 ஜிபி இருந்தால் சின்னமன் பதிப்பு. 2 ஜிபியிலும் ஏறும், ஆனால் உலாவியில் நான்கு டேப் திறந்ததும் திணறும். செலவு செய்ய மனமிருந்தால் முதலில் சுழலும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு 256 ஜிபி எஸ்எஸ்டி போடுங்கள், ரேம் அடுத்தது. பத்து வருட லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி தரும் வேகத்தை வேறெதுவும் தராது. கழற்றிய பழைய டிஸ்க்கை அழிக்காமல் அப்படியே எடுத்து வையுங்கள்; அதுவே உங்கள் முதல் பேக்கப்.

நிறுவும் முறை என்ன? எங்கே தவறு நடக்கிறது?

மின்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவும் வட்டின் முழு நகல்) இறக்குங்கள். 3 ஜிபி அளவுக்கு இருக்கும். தளத்தில் கொடுத்திருக்கும் ஷா256 எண்ணோடு (கோப்பு பழுதின்றி இறங்கியதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) ஒப்பிட்டுப் பாருங்கள். இணைப்பு விட்டுவிட்டு வரும் இடங்களில் பாதி கெட்ட கோப்பு இறங்குவது சாதாரணம். நிறுவும்போது நடுவில் நின்றுவிடுவதற்கு அதுவே பெரும்பாலும் காரணம். 8 ஜிபி பென்டிரைவில் ரூஃபஸ் அல்லது எட்சர் கொண்டு எழுதுங்கள். பென்டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.

கணினியை அணைத்து, பென்டிரைவைச் செருகி, இயக்கியதும் பூட் மெனு விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள்: டெல், லெனோவா என்றால் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்9, ஆசுஸ் லேப்டாப் என்றால் எஸ்கேப். ஏசரில் எஃப்12 மெனுவை பயாஸுக்குள் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) போய் முதலில் இயக்கிவிட வேண்டியிருக்கும். மின்ட் பென்டிரைவிலிருந்தே ஓடத் தொடங்கும். நிறுவும் முன் அந்த நிலையிலேயே வைஃபை, ஒலி, பிரிண்டர், தொடுபலகை நான்கையும் சோதியுங்கள்.

விண்டோஸையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் நிறுவுவதானால் மூன்று எச்சரிக்கைகள். விண்டோஸின் பிட்லாக்கர் என்ற வட்டுப் பூட்டு போட்டிருந்தால் முன்பே அணைத்துவிடுங்கள், அல்லது அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மறந்தால் உங்கள் கோப்புகளே உங்களுக்குத் திறக்காது. விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் லினக்ஸிலிருந்து அந்த டிரைவில் எழுத முடியாது, படிக்க மட்டுமே வரும். மூன்றாவதாக, விண்டோஸுக்கு மாறும்போது கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் தவறும். வன்பொருள் கடிகாரத்தில் லினக்ஸ் உலக நேரத்தையும் விண்டோஸ் இந்திய நேரத்தையும் எழுதுவதே காரணம். லினக்ஸும் அந்தக் கடிகாரத்தில் இந்திய நேரத்தையே எழுதும்படி மாற்றிவிட்டால் சரியாகிவிடும். இதைக் கவனிக்காமல் பில் போட்டால் தேதியே மாறி விழும்.

தமிழும் மலையாளமும் எப்படித் தட்டச்சு செய்வது?

மின்டின் 'உள்ளீட்டு முறைகள்' அமைப்பில் ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியையும் அதனுடன் எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பையும் நிறுவுங்கள். தமிழுக்குத் தமிழ்99, தட்டச்சுப்பொறி, ஒலிபெயர்ப்பு ஆகிய மூன்று விசைப்பலகை முறைகளும் அதில் உண்டு. மலையாளத்துக்கு 'இன்ஸ்கிரிப்ட்', 'மொழி', 'ஸ்வனலேகா' என்ற முறைகள் உண்டு. பள்ளியில் மலையாளம் தட்டச்சுக் கற்ற பிள்ளைகள் இன்ஸ்கிரிப்ட்டே கேட்பார்கள். நிறுவியபின் ஒருமுறை வெளியேறி உள்ளே வந்தால்தான் வேலை செய்யும்.

தமிழ்99 பழகியவர்களுக்கு ஒரு குறிப்பு. விசைப்பலகைத் தளவமைப்புப் பட்டியலிலேயே ஒரு தமிழ்99 இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் க-வை இரண்டு முறை தட்டும்போது 'க்க' என்று தானாகப் புள்ளி விழாது. அந்தப் பட்டியலில் இருப்பது விசைக்கு ஓர் எழுத்து என்று மட்டுமே அறியும், முன்னால் என்ன தட்டினீர்கள் என்று பார்க்காது. எம்17என் வழியாகச் சேர்த்ததுதான் பார்க்கும்.

ஃபான்ட்டுகளுக்குக் குறைவில்லை. தமிழுக்கு நோட்டோ சான்ஸ், லோஹித், முக்தா மலர். மலையாளத்துக்கு ஸ்வதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவின் மஞ்சரி, ரசனா, மீரா. அதே குழு தமிழுக்கும் 'மீரா இனிமை' என்று ஓர் எழுத்துரு தந்திருக்கிறது. இருமொழி நோட்டீஸுக்கு மீராவையும் மீரா இனிமையையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள்.

மலையாளத்தில் தேடல் வேலை செய்யவில்லை என்று வரும் புகாருக்குப் பெரும்பாலும் சில்லெழுத்துகளே (ൻ, ർ, ൽ போன்ற தனி மெய்கள்) காரணம். யூனிகோடு என்பது எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியீட்டு முறை; 2008இல் வந்த அதன் 5.1 பதிப்புக்கு முன் சில்லெழுத்தை மூன்று குறிகளைச் சேர்த்து எழுதினார்கள். அதன்பின் தனிக் குறி வந்தது. கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும், கணினிக்கு இரண்டும் வேறு. பழைய வாடிக்கையாளர் பட்டியலில் ஒரு பெயர் அகப்படவில்லையென்றால் இதைச் சந்தேகியுங்கள்.

பாமினி, வானவில், ஸ்ரீலிபியில் பல வருடக் கோப்புகள் இருக்கின்றன. அவை என்னாகும்?

இந்தப் பக்கத்து அச்சகங்களுக்கும் டிடிபி கடைகளுக்கும் இதுவே பெரிய மலை. நிதானமாகச் செய்தால் ஏறிவிடலாம்.

அந்தக் கோப்புகளுக்குள் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகள். பாமினி ஃபான்ட் அவற்றுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டுகிறது. ஃபான்ட் இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கூட்டம் மட்டுமே தெரியும். எனவே மூல ஃபான்ட் இருக்கும் கணினி உயிரோடு இருக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றிவிடுவது நல்லது. எந்தக் கோப்பு எந்த ஃபான்ட்டில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு தொடங்குங்கள். பாமினி வேறு, டாம் வேறு, டாப் வேறு, வானவில் வேறு. தவறான முறையைத் தேர்ந்தெடுத்தால் பாதி எழுத்து சரியாகவும் பாதி தவறாகவும் வந்து ஏமாற்றும்.

விண்டோஸில் என்எச்எம் கன்வர்ட்டர் போதும். நூற்றுக்கணக்கான கோப்புகள் என்றால், பைத்தான் தெரிந்த பிள்ளை ஒருவர் 'ஓப்பன்-தமிழ்' நிரல்தொகுப்பைக் கொண்டு மொத்தமாக மாற்றித் தருவார். மலையாளப் பழைய ஃபான்ட்டுகளுக்கு 'பய்யன்ஸ்' என்ற கருவி உண்டு.

மாற்றியபின் கையால் சரிபார்க்க வேண்டிய இடங்கள் உண்டு. முதலாவது, கோப்புக்கு இடையிடையே வரும் உண்மையான ஆங்கிலச் சொற்கள். முழுப் பக்கத்தையும் ஒன்றாக மாற்றினால் அவையும் தமிழ்க் குப்பையாகிவிடும். ஆங்கிலத்தைத் தனியே வைத்து, தமிழ்ப் பகுதியை மட்டும் மாற்றுங்கள். அடுத்தது ஔகாரம். பழைய ஃபான்ட்டுகளில் ஔகாரத்தின் பின்குறிக்கு ள-வையே பயன்படுத்தினார்கள். ஆகவே கௌதமன் 'கெளதமன்' என்றும், மௌனம் 'மெளனம்' என்றும் மாறி வரும். பார்வைக்குத் தெரியாது, தேடும்போது தெரியும். இதைச் சரிசெய்ய 'கெள' எல்லாவற்றையும் 'கௌ' என்று ஒரேயடியாக மாற்றிவிடாதீர்கள். கெளுத்தி மீன் கௌுத்தியாகிக் கெட்டுப்போகும். வெள்ளம், தெளிவு ஆகியவற்றுக்கும் அதே ஆபத்து. ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்ற வேண்டும். ஸ்ரீ, க்ஷ, ஜ, ஷ ஆகியவற்றையும் ஒருமுறை பாருங்கள்.

பேஜ்மேக்கர் 6.5, 7 கோப்புகளை லிப்ரெஆபீஸ் டிரா நேரடியாகத் திறக்கும். கோரல்டிரா கோப்புகளையும் திறக்கும். ஆனால் அமைப்பு அப்படியே வராது. எழுத்தையும் படத்தையும் எடுத்துக்கொள்ளவே அதை நம்பலாம். புதிய வேலைகளுக்கு ஒற்றைப் பக்கம் என்றால் இங்க்ஸ்கேப், பல பக்கம் என்றால் ஸ்கிரைபஸ் 1.6. அச்சகத்துக்கு நான்கு நிறப் பிரிவில் பிடிஎஃப் தர வேண்டுமென்றால் ஸ்கிரைபஸ்.

இந்த வேலைக்கு இன்னொரு பயனும் உண்டு. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தமிழிலேயே கடிதப் போக்குவரத்து நடத்த இடம் தருகிறது. அந்த மனு யூனிகோடில் இருந்தால் எந்த அலுவலகக் கணினியிலும் திறக்கும். பாமினியில் அனுப்பினால் ஃபான்ட் இல்லாத மேசையில் குப்பையாகத் தெரியும்.

லிப்ரெஆபீஸில் திறந்தால் பக்கம் கலைகிறதே?

பெரும்பாலும் ஃபான்ட் சிக்கல். காலிப்ரி, கேம்ப்ரியா ஃபான்ட்டுகளுக்கு அதே அகலம் கொண்ட கார்லிட்டோ, கலடியா ஃபான்ட்டுகளை நிறுவினால் வரிகள் தம் இடத்தில் நிற்கும். தமிழ் எழுத்தின் அளவு மாறவில்லையென்றால் பாணி அமைப்புக்குள் போய்ப் பாருங்கள். மேற்கத்திய எழுத்துக்கு ஒரு பெட்டி, இந்திய மொழிகள் அடங்கிய சிக்கலான எழுத்து அமைப்புக்கு இன்னொரு பெட்டி இருக்கும். இரண்டாவதில் மாற்ற வேண்டும். உங்களுக்கு லிப்ரெஆபீஸின் திறந்த வடிவமான ஓடிஎஃப்பில் சேமித்துக்கொள்ளுங்கள். பிறர் படிக்க மட்டும் என்றால் பிடிஎஃப் அனுப்புங்கள், திருத்த வேண்டுமென்றால் வேர்டு வடிவில் ஒரு நகல் அனுப்புங்கள்.

பிரிண்டர் ஓடுமா?

வாங்கும் முன் பார்க்க வேண்டிய முதல் விஷயம் இது. எப்சன் எல் வரிசை இங்க் டேங்க் பிரிண்டர்கள் நன்றாக ஓடும். ஹெச்பி 1020, எம்1005 போன்றவை ஓடும், ஆனால் ஹெச்பிலிப் மென்பொருளுடன் ஒரு கூடுதல் பிளக்-இன் இணையத்திலிருந்து இறங்க வேண்டும். ஹெச்பிலிப் புதுப்பிக்கப்பட்டதும் பிளக்-இன் பழையதாக நின்றுவிட்டால் பிரிண்டர் சத்தமில்லாமல் கிடக்கும். பிளக்-இன்னை மறுபடி நிறுவினால் எழுந்துகொள்ளும். கேனன் எல்பிபி2900 வைத்திருப்பவர்கள் கவனம். அதற்கு கேனன் தந்த லினக்ஸ் டிரைவர் மிகப் பழையது, புதிய பதிப்புகளில் ஏற்றுவது பெரும்பாடு. அதற்காக நாள்கணக்கில் போராடாமல் பிடிஎஃப் ஆக்கி விண்டோஸ் கணினியிலிருந்து அச்சிடுங்கள்.

அக்‌ஷயா, இ-சேவை வேலை, டேலி?

இந்த அரசு சேவை மையங்களில் வைக்கும் ஆதார் கைரேகைக் கருவிகளுக்கான ஆர்டி சேவை (கருவியை இயக்கும் மென்பொருள்) விண்டோஸையும் ஆண்ட்ராய்டையும் நம்பியே இருக்கிறது. கணக்கு மென்பொருளான டேலியும் விண்டோஸுக்கானது. இந்த வேலை இருக்கும் கடையில் ஒரு விண்டோஸ் கணினியை அதற்கென்றே ஒதுக்கிவிட்டு, மற்ற மேசைகளை மாற்றுங்கள். அதில் தோல்வி ஒன்றும் இல்லை. விண்ணப்பம் நிரப்புதல், ஸ்கேன், பிடிஎஃப் சுருக்குதல் எல்லாம் லினக்ஸில் நடக்கும்.

சிறு கடைக் கணக்குக்கு ஃப்ராப்பே புக்ஸ் இருக்கிறது. இணையம் இல்லாமலே ஓடும், ஜிஎஸ்டியும் உண்டு. லிப்ரெஆபீஸ் கால்க்கில் பில் தாள் போடுபவர்கள் வாங்குபவரின் ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தைச் சூத்திரத்தால் எடுத்துப் பார்க்கலாம்: கேரளம் 32, தமிழ்நாடு 33. வேறு மாநில எண் வந்தால் கட்டம் நிறம் மாறும்படி வைத்துவிட்டால், பொள்ளாச்சிக்கு அனுப்பும் சரக்குக்கு ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான வரி) போட வேண்டிய இடத்தில் கை தவறாது.

போனில் என்ன செய்யலாம்?

யுபிஐ வைத்திருக்கும் போனில் வேறு இயங்குதளம் ஏற்றாதீர்கள். பல வங்கிச் செயலிகள் போனின் மூல மென்பொருள் மாறியிருக்கிறதா என்று சோதித்து, மாறியிருந்தால் திறக்க மறுக்கும். அதே போனில் எஃப்-டிராய்டு என்ற செயலிக் கடையை நிறுவி, திறந்த மூலச் செயலிகளை ஒவ்வொன்றாகச் சேருங்கள். வரைபடத்துக்கு ஆர்கானிக் மேப்ஸ் நல்லது, சிக்னல் இல்லாத இடத்திலும் வழி காட்டும். இந்திய வரைபடம் பகுதி பகுதியாகவே இறங்கும். கேரளப் பகுதியையும் தமிழ்நாட்டுப் பகுதியையும் இரண்டையும் இறக்குங்கள். ஒன்றை மட்டும் இறக்கினால் வாளையாரைத் தாண்டி வழி போடாது. உங்கள் தெரு அதில் இல்லையென்றால் அதன் மூல வரைபடமான, யாரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நீங்களே சேர்க்கலாம், தமிழ்ப் பெயரையும் மலையாளப் பெயரையும் தனித்தனிப் புலங்களில்.

வாட்ஸ்அப்பை விட்டுவிடலாமா?

ஊர்க் குழுவும் பள்ளிக் குழுவும் அங்கே இருக்கும்வரை முடியாது. வீட்டாருடன் பேச 'சிக்னல்' என்ற செய்திச் செயலிக்கு மாறுங்கள், அது போதும். வாட்ஸ்அப்பை உங்கள் ஆவணக் கிடங்காக மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஜிமெயில்? வீட்டிலேயே அஞ்சல் சர்வர் வைக்கலாமா?

வேண்டாம். பல வீட்டு இணைப்புகளில் உங்களுக்கென்று தனி இணைய முகவரி எண் கிடைப்பதில்லை, அஞ்சல் அனுப்பும் 25ஆம் வாயிலும் அடைபட்டிருக்கும். அதையும் தாண்டி அனுப்பினால் எதிர்முனை ஸ்பேம் என்று தள்ளிவிடும். சொந்தமாக ஒரு டொமைன் பெயர் (அஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) வாங்கி, கட்டண அஞ்சல் சேவை ஒன்றில் அதை இணையுங்கள். சேவை பிடிக்காவிட்டால் முகவரி மாறாமல் வேறிடம் போகலாம். பழைய அஞ்சலை ஐமேப் வழியாகத் தண்டர்பேர்டில் இறக்கிக்கொள்ளுங்கள். வங்கி, ஆதார், மின்வாரியம் எல்லாவற்றிலும் முகவரி மாற்றி முடியும்வரை, குறைந்தது ஒரு வருடம், பழைய கணக்கை மூடாதீர்கள்.

பேக்கப் எப்படி?

மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். மின்டில் வரும் டைம்ஷிஃப்ட் உங்கள் ஆவணங்களைக் காப்பதில்லை. அது இயங்குதளத்தை மட்டுமே காக்கும், உங்கள் கோப்புகள் இருக்கும் வீட்டு அடைவை (ஹோம் ஃபோல்டர்) இயல்பாக விட்டுவிடும். டைம்ஷிஃப்ட் இருக்கிறதே என்று நம்பி எல்லாவற்றையும் இழந்தவர்கள் உண்டு. ஆவணங்களுக்கு 'பேக் இன் டைம்' நிறுவி, வெளி ஹார்ட் டிஸ்க்கில் வாரம் ஒருமுறை எடுங்கள். எடுத்தவுடன் டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். துலாவர்ஷத்து (வடகிழக்குப் பருவமழை) இடிமின்னல் காலத்தில் செருகியபடியே விட்ட டிஸ்க் கணினியோடு சேர்ந்தே போகும். போன் படங்களைக் கணினியோடு ஒத்திசைக்க சிங்திங்; அதிகாரப்பூர்வ ஆண்ட்ராய்டு செயலி 2024 டிசம்பரோடு நின்றுவிட்டதால் சிங்திங்-ஃபோர்க்கை நிறுவுங்கள். ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கமும் அழியும் என்பதால் அதைப் பேக்கப் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மாதம் ஒருமுறை பேக்கப்பிலிருந்து ஏதாவது ஒரு கோப்பை எடுத்துத் திறந்து பாருங்கள்.

மாட்டிக்கொண்டால் யாரைக் கேட்பது?

தமிழில் கணியம் அறக்கட்டளையின் கட்டுரைகளும், விழுப்புரம், சென்னை லினக்ஸ் பயனர் குழுக்களும் இருக்கின்றன. மலையாள எழுத்துச் சிக்கலுக்கு ஸ்வதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங். கேட்கும்போது "பிரிண்டர் ஓடவில்லை" என்று நிறுத்தினால் யாராலும் உதவ முடியாது. லேப்டாப்பின் மாடல் எண், லினக்ஸின் பெயரும் பதிப்பும், பிரிண்டரின் முழு மாடல் எண், திரையில் வந்த பிழைச் செய்தியின் படம், அதற்கு முன் கடைசியாக என்ன மாற்றினீர்கள் என்ற ஐந்தையும் முதல் செய்தியிலேயே அனுப்புங்கள்.